விருந்து அட்டையின் கடைசிப் பக்கம்



இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கப் படை முகாம்களின் விருந்து அட்டைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நவம்பரில் நன்றி நவிலும் நாள், டிசம்பரில் கிறிஸ்துமஸ். அந்த நாட்களில் என்னென்ன பரிமாறப் போகிறோம் என்று பல படைப்பிரிவுகள் சின்ன அட்டையில் அச்சடித்துச் சிப்பாய்களுக்குக் கொடுத்தன. வான்கோழி வறுவல், கிரான்பெர்ரி சாஸ், மசித்த உருளைக்கிழங்கு, பூசணிக்காயில் செய்த இனிப்பு, காபி. நம் பந்தியில் பாயசம் முடிந்ததும் வெற்றிலை பாக்கு வருமே, அதுபோலப் பட்டியலின் கடைசியில் சிகரெட்டும் சுருட்டும்!

1942 மே மாதம் அமெரிக்காவில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. 1943 மார்ச்சில் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் வந்தது. கூப்பனை எண்ணி எண்ணிச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு, மகனிடமிருந்து தபாலில் இந்த அட்டை வந்தால் எப்படி இருந்திருக்கும்? பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறான் என்பதற்கு வேறு கடிதமே வேண்டாம்.

ஆனால், நான் சாப்பாட்டைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்கே போய்விடுகிறேன். பல அட்டைகளில் அங்கேதான் பெயர்கள் இருக்கின்றன. கேப்டன், சார்ஜென்ட், கார்ப்பரல், சாதாரணச் சிப்பாய், அடுப்படியில் வெந்த சமையல்காரர்கள் வரை ஒருவர் விடாமல். மொய் நோட்டைப் புரட்டினால் அந்தக் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று தெரிந்துவிடும் அல்லவா, அப்படித்தான் இதுவும். சிலர் பக்கத்து இருக்கைக்காரரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெயர்களின் அருமை பிறகுதான் புரிந்தது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த படைவீரர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடைபெற்றவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போயிற்று. தாத்தா எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று தேடி வரும் பேரப்பிள்ளைக்கு, படைப்பிரிவு, முகாம், தேதி, பெயர் நான்கையும் ஒரே இடத்தில் சொல்லும் தாள் கிடைப்பது சாதாரண விஷயமா?

அதனால் இப்படிப்பட்ட அட்டை உங்கள் கைக்கு வந்தால் லேமினேட் செய்துவிடாதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பதமாகக் கழற்றிவிட்டு, அமிலம் இல்லாத காகித உறைக்குள் மடிப்பில்லாமல் வையுங்கள். ஓரத்தில் யாரோ பென்சிலில் கிறுக்கியிருந்தால் அழிக்க வேண்டாம். விலைக்கு வாங்குகிறவர்கள் முகப்புப் படத்தின் அழகில் மயங்காமல், கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்