இரண்டு நாள் முதலாளி

வானொலியில் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாங்கள் எந்தக் காரில் வந்து இறங்குகிறோம் என்று நேயர்களுக்குத் தெரியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு நிலையத்தின் கார் நிறுத்துமிடத்துக்குள் நுழையும் என் சாம்பல் நிற மைவியைப் பாதுகாவலர் அண்ணனைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் காரைப் பற்றி எனக்குக் கூச்சமே இருந்ததில்லை. ஈப்போவில் நடந்த ஒரு கல்யாணம் அதை மாற்றப் பார்த்தது. இந்த வாரம் அந்தக் கதைதான். கொஞ்சம் ஒப்புதல் வாக்குமூலமும் இதில் உண்டு.

2013இல் ஊடகத் துறையில் பட்டம் முடித்து, வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதம் எடுத்த கார் என் பெரோடுவா மைவி. 1.3 லிட்டர், 91 குதிரைத்திறன், நான்கு கியர் ஆட்டோ. அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஒன்பது ஆண்டுக் கடன் முடிந்து இப்போது மூன்று ஆண்டாகிறது. போன மாதம் பேரங்காடி ஒன்றின் வாசலில் பின்னோக்கி வந்த லாரி அதன் பின்கதவை அப்பளமாக்கிவிட்டது. தவறு லாரி மேல் என்பதால் என் 55 விழுக்காடு காப்புறுதிக் கழிவு தப்பியது. ஆனால் பட்டறையில் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அந்தச் சனிக்கிழமைதான் ஈப்போ புந்தோங்கில் மாமா மகனுக்குக் கல்யாணம். அப்பா, அம்மாவை நான்தான் அழைத்துப் போக வேண்டும்.

வாடகைக்கு ஒரு சாதாரண கார் எடுத்திருக்கலாம். இங்கேதான் வாக்குமூலம் தொடங்குகிறது. இரண்டு ஆண்டுகளாக என் கைப்பேசியில் ஒரு காரின் படங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். பிஎம்டபிள்யூ 330ஐ. இரண்டு லிட்டர் டர்போ இயந்திரம், 258 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆறு வினாடிகூடத் தேவையில்லை. பழைய கார் விற்கும் ஒருவர் 165,000 ரிங்கிட் என்று விலை சொல்லி, வாரம் ஒருமுறை நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, ஒன்பது ஆண்டுக்கு 3.5 விழுக்காடு வட்டி போட்டால், மாதத் தவணை ஏறக்குறைய 1,810 ரிங்கிட். கட்ட முடியாத தொகை இல்லை. ஆனால் என் வேலை ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. கடனோ ஒன்பது ஆண்டு. முடியும்போது எனக்கு 43 வயது, அப்பாவுக்கு 80.

“வாங்குறதுக்கு முன்னால ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்க அக்கா. கல்யாணத்துக்குப் போன மாதிரியும் ஆச்சு, ஆசை தீர்ந்த மாதிரியும் ஆச்சு” என்றான் ஒலிப்பதிவுக் கூடத்துத் தம்பி. ஒரு நாளுக்கு 700 ரிங்கிட். வெள்ளிக்கிழமை மாலை சாவி கைக்கு வந்தது.

சாவியோடு நான்கு பக்க ஒப்பந்தமும் வந்தது. முன்வைப்புத் தொகை 2,000. ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் தனிக் கட்டணம். பெட்ரோல் ரோன் 97 மட்டுமே. விபத்தானால் முதல் 8,000 ரிங்கிட் என் பொறுப்பு. கையெழுத்துப் போட்ட பிறகு, காரைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் காணொளி எடுத்தேன். கல்யாண வீட்டில் நகைகளை எண்ணிக் கொடுப்பதைப் போல இருந்தது.

மறுநாள் விடியற்காலை கிள்ளானில் அம்மா வீட்டு வாசலில் முதல் சோதனை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மைவியில் இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கும். திரும்பி உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்தால் முடிந்தது. ஸ்போர்ட்ஸ் செடான்கள் சாலையோடு ஒட்டிப் போவதற்காகத் தாழ்வாகச் செய்யப்படுபவை. பட்டுப்புடவையோடு அதற்குள் அம்மா இறங்கியதைப் பார்த்தால், கிணற்றில் இறங்குவது போல இருந்தது. “உள்ள போயிட்டேன் கண்ணு. ஈப்போவுல என்னை வெளிய எடுக்க ரெண்டு ஆள் வேணும்” என்றார். தாமானை விட்டு வெளியேறும்வரை ஐந்து வேகத்தடை. மைவி அவற்றை அலட்சியமாகக் கடந்துவிடும். இந்தக் காரில் ஒவ்வொரு தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நத்தை மாதிரி ஏறி இறங்கினேன். அப்பா முன்னிருக்கையில் அமைதியாக இருந்தார். முப்பது ஆண்டு லாரி ஓட்டியவர். அவருக்கு எந்த வண்டியைப் பற்றியும் கருத்துச் சொல்லக் குறைந்தது நூறு கிலோமீட்டர் வேண்டும்.

புக்கிட் ராஜா டோல் சாவடியைத் தாண்டியதும் காரின் குணமே மாறிவிட்டது. இதில் பொய் சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலையில் அந்தக் காருக்கு என் மைவி ஈடே இல்லை. 110இல் மைவியின் இயந்திரம் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் நின்று, தன் சிரமத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லும். இதில் எட்டு கியர். அதே வேகத்தில் இயந்திரம் இரண்டாயிரத்துக்குக் கீழே, தூங்குகிற குழந்தை மாதிரி இருக்கிறது. மைவியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. பெரிய லாரி பக்கத்தில் கடந்து போனால் அதன் காற்று நம்மை லேசாகத் தள்ளிப் பார்க்கும். இது ஏறக்குறைய ஒன்றரை டன். அசையவில்லை. மைவியை முன்சக்கரங்கள் இழுத்துச் செல்கின்றன. இதைப் பின்சக்கரங்கள் தள்ளுகின்றன. தாப்பாவைத் தாண்டி, சுண்ணாம்புக் குன்றுகள் எழும் கோப்பேங் பக்கத்து வளைவுகளில் அந்த வித்தியாசம் தெரிந்தது. ஸ்டியரிங்கை நான் திருப்பினேன் என்பதைவிட, நினைத்தேன், திரும்பியது என்று சொல்லலாம்.

தாப்பா ஓய்வுப் பகுதியில் தே தாரிக் குடிக்கும்போது அப்பா வாயைத் திறந்தார். “பிரேக் நல்ல பிரேக்.” அவ்வளவுதான். லாரிக்காரரின் வாயிலிருந்து அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

என் தொழில் சார்ந்து இன்னொரு வித்தியாசமும் பட்டது. நான் பதிவு செய்யும் நிகழ்ச்சிகளைக் காரில் போட்டுக் கேட்பது என் வழக்கம். இந்தக் காரின் அமைதியில், நல்ல ஒலிபெருக்கிகளில், என் குரல் தேனாக வழிந்தது. நானே என்னை ரசித்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. வேலைக்குப் போகும் அவசரத்தில் என் நிகழ்ச்சியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் மைவி, சாகா போன்ற கார்களில், ஏசி இரைச்சலுக்கும் டயர் சத்தத்துக்கும் நடுவில்தான் கேட்கிறார்கள். மைவியில் கேட்கும்போதுதான் எந்த இடத்தில் வேகமாகப் பேசிவிட்டேன், எந்தச் சொல்லை விழுங்கிவிட்டேன் என்று எனக்குப் பிடிபடும். இந்தக் காரில் என் தவறு ஒன்றுகூடக் காதில் விழவில்லை.

கல்யாண மண்டபத்து வாசலில் கார் நின்றதும் மாமா ஓடி வந்தார். மாமா எங்களை வரவேற்பது புதிதில்லை. ஓடி வந்ததுதான் புதிது. மண்டபத்தின் நேர் முன்னால், மாப்பிள்ளை காருக்குப் பக்கத்தில், தடுப்புக் கூம்பை அவரே எடுத்து இடம் விட்டுக்கொடுத்தார். கார் நிறுத்த உதவிக்கொண்டிருந்த பையன் ஓட்டுநர் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, “சார் வரலையா அக்கா?” என்றான். சித்தப்பா ஒருவர் காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். “வானொலியில அப்போ நல்லா குடுக்கிறாங்க” என்றார். பந்தியில் பக்கத்து இலைக்காரர் மாமாவிடம் கேட்டார், “அந்தக் கார் யாருது?” மாமா என்னைக் காட்டி, “என் அக்கா மகளோடதுதான்” என்றார், பெருமையாக.

“இல்லை மாமா, வாடகைக் கார்” என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். தினமும் நான்கு மணி நேரம் பேசிச் சம்பாதிக்கிறவள் நான். அந்த ஒரு வினாடியில் வாய் வரவில்லை. சிரித்துவிட்டுப் பாயசத்தைப் பார்த்தேன். எதிர் வரிசையில் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் அம்மா பின்னிருக்கையில் தூங்கிவிட்டார். அப்பா சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

“முப்பது வருஷம் ஓட்டினேன். ஒரு லாரிகூட என்னுது இல்ல. யாராவது கேட்டா, முதலாளி வண்டின்னு சொல்வேன். அப்படிச் சொன்னதால எனக்கு யாரும் மரியாதை குறைச்சதில்லம்மா.”

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், என்னை மன்னித்துவிட்ட குரலில், “முன்னால ரோடு காலியாத்தான இருக்கு. டோல் தாண்டினதும் ஒரு தடவ மிதி பார்ப்போம்” என்றார்.

மிதித்தேன். 110 வரைக்கும்தான். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. டோல் சாவடி கண்ணாடியில் சுருங்கிப்போனது. எனக்கு நினைவு தெரிந்து அப்பா இப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. எழுபத்தொரு வயது மனிதர், தொடையில் தட்டிக்கொண்டு, “ஐயோ, இதுவல்ல வண்டி!” என்றார். 1,400 ரிங்கிட் வாடகையில் அந்தச் சிரிப்புக்கு மட்டும் ஆயிரம் கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். கார் வாடகை, மைவி பட்டறையில், சாப்பாட்டு நேரத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தது என்று. அவர் பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது: “எந்த ஊர்லம்மா வாடகைக்குக் குடுக்கிறாங்க? சின்னவன் கல்யாணத்துக்கு வேணும்.”

ஞாயிற்றுக்கிழமைதான் உண்மையான சோதனை. ஒரு காரோடு நாம் வாழும் நாள்களில் பெரும்பாலானவை கல்யாண நாள்கள் அல்ல, காய்கறி வாங்கும் நாள்கள். சந்தைப் பக்கம் கார்கள் எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மோட்டார் சைக்கிள் உரசினால் போதும், 8,000 ரிங்கிட் கண் முன்னால் வந்து நின்றது. கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? நாளுக்கு 700 ரிங்கிட் காரைக் கீழே நிறுத்திவிட்டு, கிராப் பிடித்துச் சந்தைக்குப் போய் வந்தேன். மாலையில் கீறல் இல்லாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது வந்தது வருத்தமில்லை, நிம்மதி.

அன்றிரவு கணக்குப் போட்டேன். சாலை வரி: மைவிக்கு ஆண்டுக்கு 70 ரிங்கிட், அந்தக் காருக்கு 379. இது சின்ன வித்தியாசம். மைவியின் நான்கு டயரையும் நான் 600 ரிங்கிட்டுக்குள் மாற்றிவிடுவேன். அந்தக் காரின் ரன்ஃபிளாட் டயர் ஒன்றுக்கே அந்தப் பணம் ஆகிவிடும். காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர் என்பதால் உதிரி டயரும் கிடையாது. மைவி குடிப்பது அரசாங்கம் மானியம் தரும் ரோன் 95. அதற்கு ரோன் 97. தவணை மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 21,700 ரிங்கிட். அந்தப் பணத்தில் இதே காரை ஆண்டுக்கு முப்பது நாள் வாடகைக்கு எடுக்கலாம். எனக்குத் தேவை இரண்டு நாள்.

விற்பனையாளருக்கு “இப்போதைக்கு வேண்டாம் அண்ணே” என்று எழுதிவிட்டேன். ஒப்பந்தம் நிலையாகி, முழங்கால் பிரச்சினை இல்லாத பயணிகள் கிடைத்தால் மனம் மாறலாம். ஆசை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதன் விலை தெரிந்துவிட்டது.

உங்களில் யாராவது ஒன்பது ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் யோசனையில் இருந்தால், அதே காரை இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டாதீர்கள். அம்மாவை ஏற்றுங்கள், பள்ளிக்கூட வாசலில் நிறுத்துங்கள், சந்தைக்குப் போங்கள். எடுக்கும்போது, அது முறையான வாடகைக் கார் உரிமம் உள்ள இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தக் காராகப் பதிந்ததை உரிமமில்லாமல் வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கான காப்புறுதி பொதுவாக வாடகை ஓட்டத்தை ஏற்றுக்கொள்வதில்லை. காணொளி எடுக்கவும் மறக்காதீர்கள்.

அடுத்த வாரம் மைவி புதுப் பின்கதவோடு பட்டறையிலிருந்து வந்தது. மாலையில் அம்மாவை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அம்மா திரும்பி உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்து, கதவை ஓங்கிச் சாத்தினார். அந்தக் கதவு ஓங்கிச் சாத்தினால்தான் மூடும்.

“இப்பத்தான் கார் மாதிரி இருக்கு” என்றார்.

முன்னிருக்கையில் அப்பா மட்டும் ஒரு பெருமூச்சு விட்டார்.