நாற்காலியும் நரம்பும்

‘டென்ஷன்’ என்ற சொல்லை இனி வேற்றுமொழிச் சொல் என்று தள்ளிவைப்பதற்கில்லை. மயிலாப்பூர் மாடவீதியில் காய்கறி வாங்குபவரும், அடையாறு சிக்னலில் பச்சை விளக்குக்குக் காத்திருப்பவரும், தியாகராய நகரில் துணி மடித்துப் போடுபவரும் ஒரே பொருளில் அதைப் புழங்குகிறார்கள். ‘டென்ஷன் ஆகாதே’ என்பது இந்நகரில் மிக மலிவாகக் கிடைக்கும் அறிவுரையும்கூட. அது யாரிடம், எந்த நிலையில் சொல்லப்படுகிறது என்பதை நாம் சற்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தெருநாய் ஒன்று துரத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் முடிவெடுப்பதற்கு முன்பே பரிவு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. அட்ரினலின் சுரக்கிறது; இதயம் விரைகிறது; செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. அடுத்ததாக மூளையின் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்கும், அது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளுக்கும் செய்தி அனுப்ப, கார்ட்டிசால் பெருகி இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. நாய் திரும்பிப் போனதும் துணைப் பரிவு நரம்புகள் பொறுப்பேற்று எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. இது நோயன்று, உயிர் காக்கும் ஏற்பாடு.

நாய் திரும்பிப் போகாமலே இருந்தால்தான் சிக்கல். தீங்கு எவ்வகையாயினும் உடல் ஒரே பாங்கில் எதிர்வினை புரிகிறது, அது நீடித்தால் உடலே சோர்ந்து வீழ்கிறது என்று ஹான்ஸ் செல்யே 1936இல் எலிகளை ஆராய்ந்து எழுதினார். புரூஸ் மக்யூவன் 1993இல் இதைத் தேய்மானமாகப் பார்த்தார். ஓயாமல் ஓடும் இயந்திரத்தைப் போல, தன்னைக் காக்க இயங்கும் அமைப்பினாலேயே உடல் தேய்கிறது என்பது அவர் கருத்து. பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜியின் ஆய்வுக் குழு 2002இல் வெளியிட்ட முடிவு இன்னும் நுட்பமானது. தொடர்ந்து நெருக்கடிக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளின் மூளையில், நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் நரம்புக் கிளைகள் சுருங்கின. அச்சத்தை ஆளும் அமிக்டலா பகுதியில் கிளைகள் பெருகின. எலிக்கு நிகழ்வது அப்படியே மனிதருக்கும் நிகழும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் நெடுநாள் நெருக்கடி உணர்ச்சியோடு நின்றுவிடாமல் மூளையின் வடிவிலும் பதியக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

இதற்கு மாற்று என்ன என்று கேட்டால் நம் கண்முன்னே ஒரு விடை உண்டு. யோக ஆசிரியர் தி. கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்கு வந்து, 1989இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் தந்தையின் பெயரால் தொடங்கிய யோக மந்திரம் மயிலாப்பூரை ஒட்டிய மந்தைவெளிப் பகுதியில் இயங்கிவருகிறது. அசைவை மூச்சோடு இணைப்பதும், பயிற்சியை அவரவர் உடலுக்கேற்ப மாற்றுவதும் இம்மரபின் சாரம். உடலியல் இதற்கு முரணாக எதுவும் சொல்லவில்லை. மூச்சை இழுக்கையில் இதயத் துடிப்பு சற்று விரைகிறது. விடுகையில் வேகஸ் நரம்பின் வழியாகத் தணிகிறது. மெதுவாக மூச்சு விடுபவர் தம் இதயத்தின் கடிவாளத்தைச் சற்று நேரமேனும் தம் கையில் எடுத்துக்கொள்கிறார். நிமிடத்திற்கு ஆறு முறை அளவில் அமைதியாக மூச்சு விடுவதும், நேரத்திற்கு உறங்குவதும், நாள்தோறும் நடப்பதும் செலவில்லாத நல்ல மருந்துகள். தூக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் கூடாது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மந்தைவெளியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ரங்கநாதன் தெருவில், காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் இந்த மருந்துச் சீட்டை நீட்ட முடியுமா? அத்தெருவின் கடை ஊழியர்களைப் பற்றி வசந்தபாலன் இயக்கி, ஜெயமோகன் வசனம் எழுதிய ‘அங்காடித் தெரு’ 2010இல் வந்தபோது நம்மில் பலர் கண்கலங்கினோம்; அடுத்த தீபாவளிக்கும் அதே தெருவில் புடவை வாங்கினோம்.

நிற்பது ஒன்றும் செய்யாதிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உடலுக்கோ அது வேலை. கால்களில் இறங்கித் தேங்கும் இரத்தத்தை மேலேற்ற, பரிவு நரம்புகள் இரத்த நாளங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘நரம்புச் சுருட்டு’ என்று நாம் பேச்சு வழக்கில் சொல்லும் கால்நோய் உண்மையில் நரம்பில் வருவதன்று, சிரைகளில் வருவது. நீண்ட நேரம் நிற்பவர்களை அது எளிதில் பற்றுகிறது. இவற்றோடு, நினைத்தபோது உட்காரவோ தண்ணீர் குடிக்கவோ முடியாத நிலையும் சேர்ந்துகொள்கிறது. பிரிட்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், தம் வேலையின்மீது தமக்குப் பிடிமானம் இல்லாதவர்களிடையே இதயநோய் மிகுந்திருந்தது தெரியவந்தது. பெரிய பொறுப்பில் இருப்பவருக்கே மன அழுத்தம் அதிகம் என்ற நம் நெடுநாள் நம்பிக்கைக்கு அது நேர்மாறானது.

கோழிக்கோட்டில் ‘பெண்கூட்டு’ அமைப்பினர் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்றும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார அது பயன்பட வேண்டும் என்றும் விதித்தது. தொழிலாளர் நலச் சட்டம் என்றே இதை எல்லோரும் பார்க்கிறோம். நரம்பு மண்டலத்துக்கான பொதுச் சுகாதாரச் சட்டம் என்றும் இதைக் கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து.

‘மனம் சரியாக இருந்தால் எங்கும் அமைதி காணலாம்’ என்று சிலர் வாதிடக்கூடும். துறவிகளுக்கு அது பொருந்தலாம். மாதச் சம்பளக்காரரிடம் அதைச் சொல்லும்போது, அழுத்தும் கையை விட்டுவிட்டு அழுத்தப்படுபவரின் மூச்சைத் திருத்தப் புறப்படுகிறோம். மூச்சுப் பயிற்சியைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. அதற்குப் பத்து நிமிடமும் உட்கார ஓர் இடமும் தேவை. அவற்றை உறுதிசெய்வது தனிமனிதரால் ஆகக்கூடியதன்று என்பதையே வலியுறுத்துகிறோம்.

நகரம் நினைத்தால் இவற்றைத் தர முடியும். தலைவலித் தைலமான அமிர்தாஞ்சனை உருவாக்கிய நாகேஸ்வர ராவின் பெயரில் லஸ் பகுதியில் ஒரு பூங்கா இருக்கிறது. தைலம் தடவிய தலைகளுக்கு மர நிழலும் வேண்டும் என்பதை இதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லிவிட முடியாது. பாண்டி பஜாரில் 2019இல் அகலமான நடைபாதை திறக்கப்பட்டபோது, அங்கே வந்தவர்கள் வாகனத்துக்கு ஒதுங்காமல் நடக்க முடிந்தது.

நாமும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை தியாகராய நகரில் துணி எடுக்கப் போகும்போது, விற்பனைப் பலகைக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்போம். இல்லையென்றால் மேலாளரிடம் காரணம் கேட்போம். நாற்காலியில் ஊழியர் அமர்ந்திருந்தால், நம்மைக் கண்டதும் அவர் பதறி எழ வேண்டும் என்று எதிர்பாராமல், அமர்ந்தபடியே பேசச் சொல்வோம்.