கல்லுக்குள் இருக்கும் நீர்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எழுந்து நிற்கும் தொழிற்சாலைகளையும், அவற்றில் உழைப்போர் குடியிருக்கும் வீடுகளையும் காண்கிறோம். அச்சுவர்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கல்லைப் பற்றி மட்டும் எண்ணுவதில்லை. ஜிப்சம் என்பது அதன் பெயர். சிமெண்டு அரைக்கும்போது நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு ஜிப்சம் சேர்க்கிறார்கள். சேர்க்காவிடில், நீர் பட்ட சிறிது நேரத்திலேயே அது கொத்தனாரின் கரண்டியில் இறுகிவிடும். முறிந்த எலும்புக்கு இடும் மாவுக்கட்டும், கிறிஸ்து பிறப்புக் குடிலில் நாம் வைக்கும் சுரூபங்களில் பலவும் இக்கல்லைச் சுட்டுப் பொடித்த மாவினால் ஆனவையே.

நம் மாநிலத்தில், பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரருகே, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண்ணில் ஜிப்சம் நரம்பு நரம்பாக ஓடுகிறது. மழைநீர் அரித்த அந்நிலம், செடிகொடி அருகி, மேடும் பள்ளமுமாய்க் கிடக்கிறது.

ஜிப்சம் மிகுந்த மண் செடிகளுக்குக் கொடியது. அதில் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் அளவுக்கு மிஞ்சி நிற்கும். தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைந்திருக்கும். மேற்பரப்பு ஓடுபோல் இறுகி, முளைக்கும் வித்தைத் தடுக்கும். ஆயினும், உலகின் வறண்ட பகுதிகளில் இம்மண்ணிலன்றி வேறெங்கும் வாழாத செடிகள் உண்டு.

ஸ்பெயின் நாட்டில் வளரும் ஹீலியாந்தெமம் ஸ்குவாமாட்டம் அவற்றுள் ஒன்று. மஞ்சள் மலர் பூக்கும் சிறு புதர் அது. அதன் விதை நனைந்ததும், நம் வீட்டுச் சப்ஜா விதையைப்போல் வழவழப்பான பசையால் சூழப்பட்டு, தாய்ச்செடியின் அருகிலேயே மண்ணைப் பற்றிக்கொள்ளும். நல்ல நிலம் அரிதான இடத்தில், தாய் பிழைத்த இடமே பிள்ளைக்கும் பாதுகாப்பு அன்றோ! இத்தகைய செடிகள் பலவும், மிகுதியான கந்தகத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் தம் இலைகளில் சேர்த்து வைத்துக்கொண்டே உயிர் வாழ்கின்றன.

அதனினும் வியப்பானது ஒன்றுண்டு. கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் 100 கிராம் ஜிப்சத்தில் ஏறத்தாழ 21 கிராம் நீர் பிணைந்துள்ளது. மழைநீருக்கும் இந்நீருக்கும், அவற்றிலுள்ள கனத்த ஹைட்ரஜன், கனத்த ஆக்ஸிஜன் அணுக்களின் விகிதம் வேறு. செடியின் தண்டிலிருந்த நீரைச் சோதித்த ஆய்வாளர்கள், ஆழமாக வேரோடாத இச்செடி கோடையில் பயன்படுத்தும் நீரில் 90 விழுக்காடு வரை கல்லிலிருந்தே பெறுகிறது என்று 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாலைவெளியில் மோயீசன் பாறையை அடிக்க, நீர் புறப்பட்டதை யாத்திராகமத்தில் வாசிக்கிறோம். அது இறைவனின் அருங்குறி. இதுவோ அவரே இயற்கைக்குள் வைத்த ஒழுங்கு. கோடைதோறும் ஓசையின்றி நடைபெறுகிறது.

ஆனால் ஜிப்சத்துக்காகச் சுரங்கம் தோண்டப்படும்போது, அச்செடிகள் குடியேற வேறு மண் இல்லை. ஆகவேதான் ஐரோப்பிய நாடுகள் 1992-ஆம் ஆண்டின் தம் சட்டத்தில், ஸ்பெயினின் ஜிப்சத் தாவர நிலங்களை முதன்மையாகக் காக்கவேண்டியவற்றுள் சேர்த்தன. மாற்று வழியும் உண்டு: உரத் தொழிற்சாலைகளின் கழிவாகக் கிடைக்கும் ஜிப்சம் சிமெண்டுக்குப் பயன்படுகிறது.

வீடும் வேண்டும், தொழிலும் வேண்டும். அவற்றை நம்பி எத்தனையோ குடும்பங்கள் நம் பங்குகளுக்கு வந்து சேர்ந்துள்ளன. எனினும், ஒரு நிலத்தைத் தரிசு என்று கணக்கில் எழுதுமுன், அதில் வாழ்வது யாது என்று பார்த்தவர் எவர்? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில், எந்தப் படைப்பும் வீணானதன்று என்று நமக்கு நினைவூட்டினார். அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை ஊர்ப்புறத்துப் பொட்டல் ஒன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கு முளைத்திருக்கும் செடிகளின் பெயரை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த ஒன்றை அழிக்க மனம் எளிதில் துணியாது.