கிரம்பிள்: எளிமையும் இல்லாமையும்

எளிய உணவைப் புகழ்வது இப்போது ஒரு பாணியாகிவிட்டது. புகழ்வதில் பிழையில்லை. ஆனால் எதற்காகப் புகழ்கிறோம் என்பதில் நமக்குத் தெளிவு இருப்பதாகத் தெரியவில்லை. எளிமையைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு இல்லாமையைப் பாராட்டிவிடுகிறோம். இந்த வேறுபாட்டைப் பேசுவதற்கு இலக்கியத்திலிருந்தே உதாரணம் எடுக்கலாம்தான். நான் ஆங்கிலேயர்களின் சமையலறையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஆப்பிள் கிரம்பிள்.

கிரம்பிளைப் பற்றி இரண்டு கருத்துகள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. ஒன்று, அது இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீட்டு முறையின் குழந்தை, பற்றாக்குறை பிரிட்டிஷ் மக்களுக்குக் கற்றுக்கொடுத்த சிக்கனப் பாடம் என்பது. மற்றொன்று, அது வெகுளித்தனமான வீட்டுப் பண்டம், தேர்ந்த சமையல் கலைஞர் ஒருவர் கைவைத்தால்தான் அது கலையாகும் என்பது. முதலாவது கருத்து உருக்கமானது, இரண்டாவது நாகரிகமானது. இரண்டுமே தவறு என்பது என் எண்ணம். அதைச் சொல்வதற்குமுன் அந்தப் பண்டம் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் என் வாதம் முழுவதும் அதன் செய்முறைக்குள்தான் இருக்கிறது.

நாலைந்து பேருக்கு முக்கால் கிலோ ஆப்பிள் போதும். தோல் சீவி, விதைப்பகுதியை நீக்கி, கட்டைவிரல் அகலத் துண்டுகளாக நறுக்கி, கண்ணாடியிலோ பீங்கானிலோ செய்த ஒரு ஓவன் பாத்திரத்தில் பரப்ப வேண்டும். பழத்தின் புளிப்புக்கு ஏற்ப இரண்டு மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையைத் தூவலாம். மேலே போடுவதற்கு 200 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 100 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி மாவில் போட்டு விரல்நுனிகளால் பிசிற வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீருக்குப் பதில் இங்கே வெண்ணெய், அவ்வளவுதான். பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். உள்ளங்கை கூடாது. அதன் சூட்டில் வெண்ணெய் உருகி மாவு களியாகிவிடும். ரொட்டித்தூள் போல ஆனதும் சர்க்கரையைக் கலந்து பழத்தின்மேல் தூவ வேண்டும். அழுத்தக் கூடாது. 180 டிகிரி சூட்டில் நாற்பது நிமிடம். மேற்புறம் பொன்னிறமாகி, ஓரங்களில் பழச்சாறு கொப்பளித்து மேலே வரும்போது எடுத்துவிடலாம். உடனே பரிமாறாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட வேண்டும்.

இவ்வளவுதான். அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. கேக் இப்படிப்பட்டதல்ல. முட்டையும் சோடா மாவும் கணக்குப் பிசகினால் அது நம்மைத் தண்டித்துவிடும். மாவைத் தேய்த்து மூடிச் சுடும் ஆப்பிள் பைக்கும் தனித் தேர்ச்சி வேண்டும். கிரம்பிள் தேர்ச்சி கேட்பதில்லை. ஆனால் தேர்ச்சி கேட்காததாலேயே அதற்குள் நுட்பம் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

மாவில் நீர் பட்டுப் பிசைந்தால் பசைத்தன்மை உண்டாகும். சப்பாத்தி இழுபடுவது அதனால்தான். வெண்ணெய் முதலில் மாவுத் துகள்களைச் சுற்றிக்கொண்டால் நீர் உள்ளே புகுவது தடைபடுகிறது. இழுபடுவதற்குப் பதில் மாவு நொறுங்குகிறது. அழுத்தாமல் தூவுவதற்கும் காரணம் உண்டு. துகள்களுக்கிடையே இருக்கும் சந்துகள் வழியாகப் பழத்தின் ஆவி வெளியேறுவதால் மேல்தளம் மொறுமொறுப்பாகிறது. கீழே பழம் தன் சாற்றிலேயே வேகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு அடுக்கு உருவாகிறது. மாவு பாதி வெந்தும் பாதி சாற்றில் ஊறியும் பழமும் இல்லாமல் பலகாரமும் இல்லாமல் ஒரு பதத்தில் நிற்கிறது. கரண்டியை ஆழமாக விட்டு எடுப்பவர்களுக்கே அது கிடைக்கும். கிரம்பிளின் ருசி அங்கேதான் இருக்கிறது.

இப்போது இரண்டாவது கருத்துக்கு வருகிறேன். உயர்தர உணவகங்கள் சிலவற்றில் கிரம்பிளை ‘மேம்படுத்தி’ப் பரிமாறுவது வழக்கமாகிவிட்டது. மேல்மாவைத் தனியே தட்டில் பரப்பிச் சுடுகிறார்கள். பழத்தைத் தனியே வேகவைக்கிறார்கள். பரிமாறும் நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்றைத் தூவி, பக்கத்தில் ஒரு உருண்டை ஐஸ்கிரீம் வைக்கிறார்கள். மாவு முழுவதும் மொறுமொறுப்பாக இருக்கும், பழத் துண்டுகள் குலையாமல் இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த மூன்றாவது அடுக்கு இருக்காது. நாற்பது நிமிடம் ஒரே பாத்திரத்தில் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு கிடந்தால் மட்டுமே உண்டாகும் ஒன்றை, தனித்தனியே சுட்டுக் கடைசியில் சேர்த்துப் பெற முடியாது. குறைகளைக் களைவதாக எண்ணிக்கொண்டு பண்டத்தையே களைந்துவிட்டார்கள். நாட்டார் பாடலின் வட்டார வழக்கைத் திருத்திச் செம்மைப்படுத்திப் பதிப்பித்தவர்கள் செய்ததும் இதைத்தான். கடைப் பண்டத்தின் அளவுகோலைக் கொண்டு வீட்டுப் பண்டத்தை அளக்கும்வரை இது நடந்துகொண்டுதான் இருக்கும்.

நிற்க. முதலாவது கருத்து இதைவிடச் சிக்கலானது. அதில் உண்மையும் கலந்திருப்பதுதான் காரணம்.

பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940 ஜனவரி 8ஆம் தேதி தொடங்கியது. முதலில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை. பிறகு பட்டியல் நீண்டது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து 1954 ஜூலை 4ஆம் தேதிதான் முழுவதும் விலக்கிக்கொள்ளப்பட்டது. போர்க்காலத்தில் பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்குச் சுமார் 57 கிராம் வெண்ணெய், 113 கிராம் மார்கரின், 227 கிராம் சர்க்கரை என்பது வழக்கமான அளவு. மேலே நான் சொன்ன கிரம்பிளுக்கு வேண்டிய வெண்ணெய் ஏறக்குறைய இரண்டு பேரின் ஒரு வாரப் பங்கு. சர்க்கரை ஒருவரின் வாரப் பங்கில் மூன்றில் இரண்டு. வெண்ணெய்க்குப் பதில் மார்கரின் போட்டு, மாவில் ஓட்ஸைக் கலந்து, சர்க்கரையைக் குறைத்தால் ஒரு குடும்பத்தால் எப்போதாவது செய்துகொள்ள முடியும். முட்டை வேண்டாம். உள்ளூர் ஆப்பிளுக்குப் பங்கீடு இல்லை. போர் நடந்த ஆண்டுகளில் மாவுக்கும் இல்லை. ஆகவே அந்த நெருக்கடிக்கு ஏற்ற பண்டம் அது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் பொருந்தி வருவது வேறு, பிறப்பிப்பது வேறு. பழத்தின்மேல் ரொட்டித்தூளைத் தூவிச் சுடும் ‘பிரவுன் பெட்டி’ என்ற பண்டத்தை அமெரிக்க வீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தன. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பற்றாக்குறை உண்மையிலேயே பிறப்பித்த பண்டங்கள் என்ன ஆயின? உணவு அமைச்சராக இருந்த வூல்டன் பிரபுவின் பெயரால் ‘வூல்டன் பை’ என்று இறைச்சியில்லாத காய்கறிப் பண்டம் ஒன்று பரப்பப்பட்டது. தவிட்டோடு அரைத்த மாவில் செய்த ‘தேசிய ரொட்டி’ 1942இல் வந்தது. முட்டைத்தூள் டப்பாக்களும் வந்தன. மக்கள் இவற்றைச் சகித்துக்கொண்டார்கள். நெருக்கடி விலகியதும் நிம்மதியாகக் கைவிட்டார்கள். கிரம்பிளை மட்டும் கைவிடவில்லை. வெண்ணெயும் சர்க்கரையும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதைச் செய்துகொண்டேயிருந்தார்கள், இப்போது இன்னும் கொஞ்சம் வெண்ணெயோடு. அது நிலைத்தது இல்லாமையால் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நல்ல பண்டம் என்பதால் நிலைத்தது. பற்றாக்குறையையும் மீறித்தான் அது நல்லதாக இருந்தது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் போர்க்கால வாழ்க்கையை இன்று நினைவுகூர்பவர்களிடம், பஞ்ச காலத்தில் மனிதர்கள் மேன்மையடைகிறார்கள் என்றொரு மறைமுகமான நம்பிக்கை தென்படுகிறது. அதே போரின் நடுவே, அதே அரசின் ஆட்சியில் இருந்த வங்காளத்தில் 1943இல் என்ன நடந்தது என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது. பசியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் அங்கே இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. அமர்த்திய சென் 1981இல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலில், 1943இல் வங்காளத்தில் இருந்த உணவு பஞ்சமில்லாத 1941இல் இருந்ததைவிடக் குறைவல்ல என்று வாதிட்டார். உணவு இருந்தது, அதைப் பெறும் வழி கிராமத்து ஏழைகளுக்கு அற்றுப்போயிருந்தது என்பது அவர் முடிவு. அவரோடு முரண்படுவோரும் உண்டு. ஆனால் அதே சென் வேறோர் இடத்தில் சுட்டும் செய்தியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மக்களின் சராசரி ஆயுள் போர் நிகழ்ந்த அந்த 1940களில்தான் வெகுவாகக் கூடியது. உணவு கூடியதால் அல்ல, இருந்ததைப் பங்கிட்டதால்.

எனவே பிரிட்டிஷ் குடும்பம் ஒன்றின் மேசைக்கு ஞாயிற்றுக்கிழமை கிரம்பிள் வந்ததென்றால், அதற்கு நன்றி சொல்ல வேண்டியது பற்றாக்குறைக்கு அல்ல, பங்கீட்டு அட்டைக்கு. எவருக்கும் இவ்வளவு நிச்சயம் என்ற உறுதிதான் அந்த ஆறுதலின் அடித்தளம். ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நமக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும், பசியைப் பற்றி நாம் எழுதும்போது ‘வறுமையிலும் எவ்வளவு சுவையாகச் சமைத்தார்கள்’ என்று உருகிவிடுகிறோம். சுவையாகச் சமைத்தவர்களுக்கு உரிய புகழை வறுமைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஒன்றைத் தவிர்ப்பதற்கு இல்லாமை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கிரம்பிளின்மேல் ஊற்றும் கஸ்டர்டின் கதை இதற்கு நல்ல சாட்சி. பர்மிங்காமில் மருந்துக் கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் 1837இல் சோளமாவைக் கொண்டு முட்டையில்லாத கஸ்டர்ட் பொடியை உருவாக்கினார். கடைகளில் முட்டை கிடைக்காமலில்லை. அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. ஒருவருக்காகச் செய்யப்பட்டது பிறகு உலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. இதுவும் எளிமைதான். இதன் மூலம் அக்கறை.

ஆப்பிளுக்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் கிரம்பிளுக்கென்றே கருதப்படும் பிராம்லி ஆப்பிள், 1809இல் நாட்டிங்காம்ஷயரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்தது. பின்னாளில், 1846இல், அந்த வீட்டை விலைக்கு வாங்கியவர் மாத்யூ பிராம்லி என்ற இறைச்சி வணிகர். 1856இல் ஹென்றி மெர்ரிவெதர் என்பவர் அதிலிருந்து ஒட்டுக்கன்றுகள் செய்ய அனுமதி கேட்டபோது, தன் பெயரை வைத்தால் சம்மதம் என்றார் பிராம்லி. இன்றிருக்கும் பிராம்லி மரங்கள் எல்லாமே அந்த ஒரு மரத்தின் வழிவந்தவை. விதைத்தவள் பெயர் பழத்தில் இல்லை. வீட்டுச் சமையலின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பற்றாக்குறைக்குப் புகழ் போவதும் சமையல் கலைஞருக்குப் புகழ் போவதும் இதன் தொடர்ச்சியே. ரேஷனில் வந்த மார்கரினைக் கணக்குப் பார்த்துப் பிசிறிய பெண்கள் இரண்டு கதைகளிலும் இல்லை.

பிராம்லி புளிப்பு மிகுந்தது. வெந்தால் நுரைபோலக் குழைந்துவிடும். நமக்குக் கிடைக்கும் காஷ்மீர், சிம்லா ஆப்பிள்கள் இனிப்பானவை, துண்டுகள் குலையாமல் நிற்பவை. அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் பழத்துக்கான சர்க்கரையைப் பாதியாக்கி அரை எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் போதும். என்னைக் கேட்டால், குன்னூர், கொடைக்கானல் பக்கத்து பிளம்ஸ் பழங்கள் வரும் பருவத்தில் ஆப்பிளை விட்டுவிடலாம். கொட்டையை நீக்கி இரண்டாக வகிர்ந்து அடுக்கினால், அவற்றின் புளிப்பும் சிவந்த சாறும் மாவின் இடுக்குகளில் ஏறி நிற்கும். சாறு அதிகம் விடும் பழம் என்பதால் ஒரு கரண்டி சோளமாவைப் புரட்டிக்கொள்வது நல்லது.

வெண்ணெயை மட்டும் குறைக்காதீர்கள். சிக்கனம் கருதிக் குறைத்தால் மேல்மாவு வறண்டு தொண்டையில் அடைக்கும். அந்தச் சிக்கனம் யாருக்கும் விருப்பமானதாக இருந்ததில்லை. வாய்ப்பு வந்தபோது அதை முதலில் கைவிட்டவர்கள் அதை அனுபவித்தவர்களே.