பிழைக்கச் சென்றவரும் பிறந்த மண்ணும்

ஆட்டத்திற்குக் கூலி பெறுதல் இழிவு என்னும் எண்ணம் விக்டோரியாப் பேரரசியார் காலத்து இங்கிலாந்தின் மேட்டுக்குடியினரிடம் வேரூன்றி இருந்தது. ஆலையிலும் சுரங்கத்திலும் உழைப்பவன் ஆடச் சென்றால் அந்நாளின் கூலியை இழப்பான். எனவே, கூலியில்லா ஆட்டம் என்பது செல்வர்க்கு மட்டுமே இயன்ற பெருமையாக இருந்தது. 1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஊதியம் பெறும் ஆட்டக்காரரை ஏற்றுக்கொண்டது. 1888இல் 12 கழகங்கள் கூடிக் கால்பந்து லீக்கைத் தொடங்கின. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் காலின் திறனே கைத்தொழில் ஆயிற்று.

அவ்வாறு பிழைத்தவர்களுள் ஒருவர் ஆர்ச்சி குடால். தந்தை ஸ்காட்லாந்துப் போர்வீரர். படையோடு ஊர் ஊராக நகர்ந்த குடும்பம் அது. அதனால் மூத்த மகன் ஜான் 1863இல் இலண்டனிலும், இளையவர் ஆர்ச்சி 1864இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலும் பிறந்தனர். இருவரும் வளர்ந்தது ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில். பிழைப்போ இங்கிலாந்தில். லீக்கின் முதற்பருவத்திலேயே ஆர்ச்சி பிரெஸ்டன் கழகத்திலிருந்து ஆஸ்டன் வில்லாவுக்கு மாறினார். 1889இல் டார்பி கவுண்டியில் சேர்ந்து, 1903 வரை 400க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் நடுக்களத்தில் நின்று எதிரணியைத் தடுத்தார். 1898இல் டார்பி கழகம் இங்கிலாந்துக் கோப்பையின் இறுதியாட்டத்தை எட்டியபோது, அண்ணனும் தம்பியும் ஒருங்கே ஆடினர். நாட்டிங்காம் பாரஸ்ட் அணியிடம் 3–1 எனத் தோற்றனர்.

அண்ணன் ஜான் 1888இலேயே இங்கிலாந்து அணியில் இடம்பெற்றுவிட்டார். தம்பிக்கோ 34 வயது வரை எந்த நாட்டின் அழைப்பும் வரவில்லை. காரணம் திறமைக் குறைவன்று. அயர்லாந்தில் தங்கி ஆடுவோரை மட்டுமே நாட்டு அணிக்குத் தேர்வது அங்கிருந்த சங்கத்தின் வழக்கம். கடல் கடந்து ஊதியத்திற்கு ஆடியவர் கணக்கில் இல்லாதவர் ஆனார். 1899 பிப்ரவரி 18 அன்று இங்கிலாந்திடம் அயர்லாந்து 13–2 எனத் தோற்றது. சரியாக இரு வாரங்கள் கழித்து, மார்ச் 4 அன்று, வேல்சுக்கு எதிராகப் பெல்பாஸ்டில் இறங்கிய அணியில் இங்கிலாந்துக் கழகங்களில் ஆடிய ஐரிஷ்காரர் சிலர் இருந்தனர். ஆர்ச்சியும் அவர்களுள் ஒருவர். அயர்லாந்து 1–0 என வென்றது.

உள்ளூரில் கிடந்து உழைத்தவனின் இடத்தை வெளியூர் சென்று சம்பாதித்தவனுக்குத் தருவது முறையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஊரில் தங்கியமை ஒரு தகுதி என்றால், பிழைப்புக்காக ஊரை நீங்கியமை ஒரு குற்றம் ஆகிவிடாதா? பொருள்வயிற் பிரிவைத் தமிழ் அகத்திணை குற்றமாகக் கொள்ளவில்லை. பாலைக்குரிய ஒழுக்கமாகவே வகுத்தது. பிரிந்தவன் அயலான் ஆவதில்லை. மீள்வான் என்று எதிர்பார்க்கப்படுபவனே ஆவான்.

மேலும், வெற்றி கிட்டும் என்பதற்காக அவர்களை அழைப்பதும் நேரிய காரணம் ஆகாது. அதே மார்ச் 25 அன்று ஸ்காட்லாந்திடம் அயர்லாந்து 9–1 எனத் தோற்றது. அயர்லாந்தின் அந்த ஒரே கோலை அடித்தவர் ஆர்ச்சிதான். வெளியூர் வீரர் வந்தும் தோல்வி வந்தது என்பதற்காக, அவரைச் சேர்த்தது தவறாகிவிடுமா? அவர் அணிக்கு உரியவர்; அதுவே போதிய காரணம்.

பொறுமையின் பயன் பின்னர் விளைந்தது. 1903இல் உள்ளூர்க் கழகத்தாரும் இங்கிலாந்துக் கழகத்தாரும் கலந்த அயர்லாந்து அணி ஸ்காட்லாந்தையும் வேல்சையும் தலா 2–0 என வென்று, நான்கு நாடுகளின் போட்டியில் முதன்முறையாக முதலிடத்தை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகியவற்றோடு பகிர்ந்துகொண்டது. வேல்சுக்கு எதிரான கோல்களுள் ஒன்று 38 வயது ஆர்ச்சியுடையது. அதே ஆண்டு இங்கிலாந்துக் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் ஆடிய டார்பி, பரி அணியிடம் 6–0 எனத் தோற்றதையும் மறைத்தற்கில்லை. உயர்வும் தாழ்வும் ஓராண்டிலேயே வந்தன. அவர் இரண்டிலும் களத்தில் நின்றார். நாட்டுக்காக 10 ஆட்டங்கள் ஆடிய அவர் 1929இல் மறைந்தார்.

ஆர்ச்சியின் திறன் 34ஆம் வயதில் திடீரென முளைத்ததன்று. அதற்கு முன்னரும் பத்தாண்டுக் காலம் அவர் லீக்கில் ஆடிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பத்தாண்டை இழந்தவர் அவர் மட்டுமல்லர்; அயர்லாந்தும் இழந்தது. வெளியூரில் உழைப்பவரின் பெயரைத் தன் பட்டியலிலிருந்து நீக்கும் எந்த ஊரும், எந்தச் சங்கமும் இந்த இழப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாளை பிழைப்புத் தேடிப் புறப்படவிருக்கும் மாணவச் செல்வங்களும், அவர்களை வழியனுப்பவிருக்கும் பெரியோர்களும் இதனைக் கருத்தில் கொள்வார்களாக!