நூலிழை வெற்றியும் குறை காணும் கண்ணும்

எளிதில் வென்றவனை எவரும் ஆராய்வதில்லை. அரும்பாடுபட்டு வென்றவனையே ஆராய்கிறோம். குத்துச்சண்டையைப் பற்றிப் பேசுவோரிடையே இது ஏறத்தாழ ஒரு விதியாகவே வழங்கி வருகிறது. இருவரும் சமமாக மோதும் ஆட்டமே வீரனின் குறையைத் திரை விலக்கிக் காட்டும் என்பர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. எஞ்சிய பாதியைப் பற்றியதே இக்கட்டுரை. தமிழாசிரியனுக்குக் குத்துச்சண்டையில் என்ன வேலை என்று வினவுவோர் புறநானூற்றின் 80ஆம் பாடலைப் புரட்டிப் பார்க்கலாம். ஆமூர் மல்லனைப் பெருநற்கிள்ளி வீழ்த்திய மற்போரைச் சாத்தந்தையார் அங்கே பாடியிருக்கிறார்.

முதலில் உண்மையான பாதியைக் காண்போம். பின்னாளில் முகம்மது அலி எனப் பெயர் பூண்ட காசியஸ் கிளே, 1963 மார்ச்சு 13 அன்று நியூயார்க் நகரில் டக் ஜோன்ஸ் என்பவரோடு பத்துச் சுற்றுகள் போராடிச் சிறிய வேறுபாட்டில் வென்றார். அரங்கினர் அத்தீர்ப்பை ஏற்காமல் கூச்சலிட்டனர். அதே ஆண்டு ஜூன் 18இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் ஹென்றி கூப்பர் வளைத்து வீசிய இடக்கைக் குத்து, நான்காம் சுற்றின் இறுதியில் கிளேயைத் தரையில் வீழ்த்தியது. மணி ஒலித்ததால் தப்பினார். அடுத்த சுற்றில் கூப்பரின் கண்ணருகே குருதி வழிந்ததால் ஆட்டம் நிறுத்தப்பட்டு, கிளே வென்றதாக அறிவிக்கப்பட்டார். இவ்விரு ஆட்டங்களையும் கண்டோர், சன்னி லிஸ்டன் இந்த இளைஞரை நொறுக்கிவிடுவார் என உறுதியாக நம்பினர். 1964 பிப்ரவரி 25இல் நடந்ததோ வேறு. ஏழாம் சுற்றுக்கு எழுந்து வர இயலாமல் லிஸ்டன் தம் இருக்கையிலேயே அமர்ந்துவிட்டார்.

அங்ஙனமாயின் கூப்பர் காட்டிய குறை பொய்யா? அன்று. கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, குத்து வரும்போது தலையை நேர் பின்னாக இழுப்பது அலியின் பழக்கம். வளைந்து வரும் இடக்கைக்கு அது வழிவிடும். 1971 மார்ச்சு 8இல், பதினைந்தாம் சுற்றில், ஜோ ஃபிரேசியரின் இடக்கை அதே வழியில் நுழைந்து அலியை வீழ்த்தியது. குறை மெய்தான். ஆயினும் கூப்பருக்கும் ஃபிரேசியருக்கும் இடையே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்தன. அவ்வாண்டுகளில் எதிர்த்தவர் பலரும் அக்குறையை அறிந்திருந்தும் அதனால் பயன் பெறவில்லை. எந்தப் பழக்கத்தால் அலி மற்றவர் குத்துகளை வீணாக்கினாரோ, அந்தப் பழக்கமே ஃபிரேசியருக்கு வாயிலாயிற்று. வலிமையும் குறையும் ஒரே செயலின் இரு முகங்களாக இருக்கும்போது, ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பெயர் சூட்டுவது நேர்மையான திறனாய்வாகாது.

கென் நார்ட்டனோடு அலி நிகழ்த்திய மூன்று ஆட்டங்கள் இவ்வினாவுக்கு இன்னும் பொருத்தமானவை. 1973 மார்ச்சு 31 அன்று சான் டியேகோவில் பன்னிரண்டு சுற்றுகளின் முடிவில், நடுவர்களிடையே கருத்து வேறுபட்ட தீர்ப்பில் அலி தோற்றார். அவர் தாடையும் உடைந்தது. நார்ட்டனின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் வகுத்த உத்தி மிக எளியது. அலி இடக்கையை நேராக நீட்டும் அதே கணத்தில் நீயும் நீட்டு என்பதே அது. அலியின் காலம் முடிந்தது என அன்று எழுதியோர் பலர்.

ஆனால் அந்தத் தாடை எப்போது உடைந்தது? தொடக்கச் சுற்றிலேயே உடைந்தது என்பது அலி தரப்பின் கூற்று. இறுதிச் சுற்றுகளில்தான் என்பது நார்ட்டனின் கூற்று. முன்னது மெய்யாயின், உடைந்த எலும்போடு அத்தனை சுற்றுகள் நின்றவரின் உறுதியையே அந்நெருக்கம் காட்டுகிறது. பின்னது மெய்யாயின், அவர் தளர்வைக் காட்டுகிறது. ஆட்டம் ஒன்றே; நாம் கொள்ளும் பொருளோ நேர்மாறாகிறது. பிறிதொன்றும் உண்டு. அன்று அலியின் எடை 221 பவுண்டு. செப்டம்பர் 10இல் மீண்டும் மோதியபோது 212 பவுண்டு. இம்முறை அவரே வென்றார், அதுவும் கருத்து வேறுபட்ட தீர்ப்பில். மார்ச்சில் வெளிப்பட்டது அலியின் குறையா, அன்றி அவர் பயிற்சியின் குறையா?

கல்லூரிப் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராக அமர்ந்து பழகியவன் நான். அரை மதிப்பெண்ணில் முதலிடம் இழந்த மாணவன் ஒருவன், "ஐயா, என்னிடம் என்ன குறை?" என்று கேட்டு வந்தான். பெரிதாக ஏதோ விளக்கினேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது: நான் எடுத்துரைத்த குறை முதலிடம் பெற்றவனிடமும் இருந்தது. தோற்றவனிடம் மட்டும் அதைத் தேடிக் கண்டெடுத்திருக்கிறேன். முடிவு தெரிந்த பின்னர் காரணம் தேடும் இந்த வழக்கம், குத்துச்சண்டை நடுவர்களைவிட நம்மைப் போன்றோரிடமே மிகுதி எனத் தோன்றுகிறது. அம்மாணவன் அதன்பின் மேடை ஏறவில்லை.

நெருக்கமான ஆட்டம் குறையை மறைக்கவும் கூடும் என்பதற்கும் நார்ட்டனே சான்று. 1976 செப்டம்பர் 28இல் நடந்த மூன்றாம் ஆட்டத்தையும் சேர்த்து அலியோடு அவர் ஆடியவை 39 சுற்றுகள். கடைசி ஆட்டத்தில் நடுவர் மூவரும் ஓரிரு சுற்று வேறுபாட்டில் அலிக்கே வெற்றி வழங்கினர். நார்ட்டனே வென்றார் எனக் கருதுவோர் இன்றும் உளர். இத்தனை நெருக்கத்திலும் நார்ட்டனின் பெருங்குறை வெளிப்படவில்லை. பேராற்றலோடு குத்துபவர் முன்னேறி வந்தால் அவரால் நிற்க இயலாது. அலி அவ்வகையினர் அல்லர். ஆகவே 39 சுற்றுகளிலும் அக்குறை உறங்கியது. 1974 மார்ச்சு 26இல் காரகாஸ் நகரில் ஜார்ஜ் ஃபோர்மன் அதனை இரண்டே சுற்றுகளில் எழுப்பிவிட்டார். 1979இல் எர்னி ஷேவர்ஸுக்கு ஒரு சுற்றே போதுமானதாயிற்று.

அந்த ஃபோர்மன் ஃபிரேசியரையும் இரண்டு சுற்றுகளில் வென்றவர். கின்ஷாசாவுக்கு வருமுன் உலகப் பட்டத்துக்காக அவர் ஆடிய மூன்று ஆட்டங்களுள் எதுவும் மூன்றாம் சுற்றைக் காணவில்லை. ஆகவே நீண்ட ஆட்டத்தில் அவர் மூச்சு எவ்வளவு தாங்கும் என்பதைப் பட்ட ஆட்டங்கள் எவருக்கும் காட்டவில்லை. அவருக்கே காட்டினவா என்பதும் ஐயம். 1974 அக்டோபர் 30இல், கயிற்றில் சாய்ந்து குத்துகளைத் தாங்கிக்கொண்டு அலி எட்டாம் சுற்று வரை காத்திருந்தார். அச்சுற்றில் வீழ்ந்தவர் ஃபோர்மன். தாடை உடைந்து தோற்ற நாளிலிருந்து பத்தொன்பது மாதங்களே ஆகியிருந்தன.