கிழக்குக் கரையோர நெடும்பயணம்: வழிவகுப்பது யார்?

படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் கொண்ட ஊர்தியொன்றில் குடும்பத்தோடு ஏறி, கடலை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு நாட்கணக்கிற் செல்வது மேற்குலகில் நெடுங்காலமாக நிலவும் பயண முறையாகும். கெம்பர் வான் எனப்படும் அவ்வூர்தி இப்போது இலங்கையின் வீதிகளிலும் ஆங்காங்கே தென்படத் தொடங்கியுள்ளது. வெளிநாட்டவர்கள் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம் பெறும் ஏற்பாடு 2025 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தமையும் இதற்கு உந்துதலாகும். இவ்வாறு தாமே வண்டியோட்டி வருவோர் நாடும் கரைகளுள் கிழக்குக் கரை முதன்மையானது. அக்கரையில் வாழும் தமிழ், முஸ்லிம் மக்கள் இதைத் தொலைவில் நின்று பார்க்கும் வேடிக்கையாகக் கருதிவிடலாகாது.

புல்மோட்டையிலிருந்து நிலாவெளி, திருகோணமலை, கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை, மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் ஊடாகப் பாணமை வரை ஏறத்தாழ 300 கிலோமீற்றர். இன்று ஒரே நாளில் ஓடி முடிக்கத்தக்க தூரமே இது. ஆயினும் யுத்தம் முடியும் வரை, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலான கரையோர வீதியில் ஆற்றுமுகங்கள் தோறும் பாதைக்காகக் காத்திருந்தே மக்கள் கடந்தனர். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அவ்வீதியின் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. 2004 ஆழிப்பேரலையில் சேதமுற்ற அறுகம்பைப் பாலம் மீளக் கட்டப்பட்டது. கல்லடியிற் பழைய பாலத்துக்கு அருகே 2013 இல் புதிய பாலம் வந்தது. தொடர்ச்சியான கரையோர வீதி என்பது இவ்வாறு அண்மைக் காலத்திற் கிடைத்த பேறாகும்.

வீதி புதியதேயன்றிப் பயணம் புதியதன்று. தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு ஊடாக உகந்தை வந்து, குமுக்கன் ஆற்றைக் கடந்து காட்டுவழியே கதிர்காமம் சேரும் பாதயாத்திரிகர்கள் இக்கரையை வாரக்கணக்கில் நடந்தே கடக்கின்றனர். இரவில் அவர்கள் எங்கே தங்குவது, எந்தக் கிணற்றில் நீர் அள்ளுவது, எந்த ஊரில் அன்னதானம் என்பனவெல்லாம் தலைமுறைகளாக வகுக்கப்பட்டவை. அந்த ஏற்பாட்டை எந்த அமைச்சும் வகுக்கவில்லை. கோயில்களும் ஊர்மக்களுமே வகுத்தனர். யாத்திரிகரின் வருகையை ஊர் அறிந்திருந்தது. ஊரின் ஒழுங்கை யாத்திரிகரும் அறிந்திருந்தனர்.

இப்போது வருகின்ற பயணி யார்? அவருக்குத் தேவைப்படுவது என்ன? ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான வரண்ட காலத்திலேயே அவர் இக்கரைக்கு வருவார்; வடகீழ்ப் பருவமழை கொட்டும் நவம்பர் முதலான மாதங்கள் அவருக்கு உகந்தவையல்ல. உறங்க அவருக்கு ஹோட்டல் வேண்டியதில்லை. ஆனால், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை குடிநீர் நிரப்பவும், குப்பையை ஒப்படைக்கவும், ஊர்தியினுள் சேரும் கழிவுநீரையும் மலக்கழிவையும் முறையாக அகற்றவும் ஓர் இடம் வேண்டும். மாலை மங்கியபின் யானை நடமாடும் லகுகலைப் பக்கத்து வீதியில் அகப்படாதிருக்க, அதற்கு முன்பாகவே பாதுகாப்பாகத் தரித்து நிற்கவும் வேண்டும். இவை கிடைக்காவிடில் அவர் கடற்கரையிலேயே நிறுத்துவார்; கழிவு களப்புக்குள் இறங்கும்.

பயணத்தைத் திட்டமிடுவது பயணியின் பொறுப்பு மட்டுமே என எண்ணிய நாடுகள் இதற்கு விலை கொடுத்துள்ளன. ஸ்கொட்லாந்தின் வட கரையைச் சுற்றி இன்வர்னெஸ் நகரில் தொடங்கி அங்கேயே முடியும் 516 மைல் வீதி, 2015 இல் ‘நோர்த் கோஸ்ட் 500’ என்னும் பெயரில் உலகுக்கு விளம்பரப்படுத்தப்பட்டது. வீதி பழையது, பெயரே புதியது. அதன் பல பகுதிகள் ஒரு வண்டி மட்டும் செல்லத்தக்க ஒடுங்கிய பாதைகளாகும். எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்குவதற்கென அமைந்த இடங்களில் கெம்பர் வான்கள் இரவு முழுவதும் நின்றன. வீதியோரங்களிற் கழிவு கொட்டப்பட்டது. விளம்பரம் முந்தியது, மலசலகூடமும் கழிவகற்றும் வசதியும் பிந்தின. அப்பகுதி உள்ளூராட்சி மன்றம், தன் வசதிகளைப் பயன்படுத்தும் ஊர்தி ஒன்றுக்கு வாரத்துக்கு 40 பவுண் என்ற விருப்பக் கொடுப்பனவுத் திட்டத்தைத் தொடங்கியது 2024 இலேதான்.

நியூசிலாந்து வேறொரு வழியைத் தெரிந்துகொண்டது. அங்கு 2011 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஊர்திகள் எங்கே இரவு தங்கலாம், எங்கே தங்கலாகாது என்பதைத் துணைவிதிகள் மூலம் வரையறுக்கும் அதிகாரம் உள்ளூர் மன்றங்களிடம் உள்ளது. நிலையாகப் பொருத்தப்பட்ட கழிப்பறை இல்லாத ஊர்தி ‘தன்னிறைவு’ச் சான்றிதழ் பெற முடியாது என்ற விதி 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. அங்கும் சர்ச்சைகள் ஓயவில்லை. எனினும் தீர்மானிக்கும் உரிமை அந்தந்த ஊரின் மன்றத்திடம் இருக்கின்றமையே இங்கு நோக்கற்பாலது.

கிழக்கின் நிலைமை என்ன? கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரிற் கலைந்தபின் அதற்குத் தேர்தல் நடைபெறவில்லை. மாகாணத்தினுள் சுற்றுலாத் தொழிலின் அபிவிருத்தி, 13 ஆவது திருத்தத்தின் ஒருங்கிய நிரலில் உள்ள விடயம். அதாவது மாகாணத்துக்கும் அதிற் சொல்லுரிமை உண்டு. ஆனால், சொல்வதற்கு மக்கள் தெரிவுசெய்த சபை இல்லை. கொழும்பிலுள்ள சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை வகுப்பதே திட்டமாகிவிடுகின்றது.

அவ்வாறு மேலிருந்து வகுக்கப்பட்டவற்றின் அனுபவம் இக்கரை மக்களுக்குக் கசப்பானது. ஆழிப்பேரலையின் பின்னர் 2005 இல், கடற்கரையிலிருந்து வடக்கு, கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது எனத் தடை விதிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றராக இருந்தது. பின்னர் தடை தளர்த்தப்பட்டதாயினும், கடற்றொழிலாளிக்கு மறுக்கப்பட்ட கரையிற் சுற்றுலா விடுதிக்கு இடமளிக்கப்பட்டமை அறுகம்பையில் ஆறாத வடுவாயிற்று. பாசிக்குடாவிற் பெரும் விடுதிகள் வரிசையாக எழுந்தபோது, தோணி இழுத்துவைக்கும் கரை சுருங்கியதாக அங்குள்ள தொழிலாளர்கள் முறையிட்டனர். தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும் பாணமையில், 2010 ஜூலையில் 350 வரையான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 340 ஏக்கரை விடுவிக்க 2015 பெப்ரவரியில் அமைச்சரவை தீர்மானித்தபின்னரும் காலம் இழுபட்டது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் கெம்பர் வானின் முக்கியத்துவம் தெளிவாகும். பெருவிடுதிக்கு ஏக்கர்க் கணக்கிற் காணி வேண்டும், சுற்றுவேலி வேண்டும், வேலிக்கு அப்பால் கரைவலைப் பாடுகள் மறையும். ஊர்தியிற் படுத்துறங்கும் பயணிக்கோ இருபது ஊர்திகள் நிற்கத்தக்க நிழலான வெளியும், நீர்க்குழாயும், கழிவுக் குழியும், இரவுக் காவலும் போதும். காணியை இழக்காமல் வருமானம் பெறத்தக்க சுற்றுலா முறைகளுள் இதுவும் ஒன்றாகும். ஆனால், தன் வீட்டையே சுமந்து வருபவர் ஊரில் எதையும் வாங்காமலும் கடந்துசெல்லலாம். தரிப்பிடம் ஊரிடம் இருந்தால், மட்டக்களப்புத் தயிரும் மருதமுனைக் கைத்தறியும் அந்நேரத்து மீனும் அங்கே விலைபோகும். தரிப்பிடமே இல்லாவிடில் ஊருக்கு எஞ்சுவது குப்பை மாத்திரமே. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்று யானைகள் மடிந்த செய்தி 2022 இல் உலக ஊடகங்களில் வெளிவந்தது. இருக்கும் குப்பையையே சமாளிக்க இயலாத கரை இது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

செய்யவேண்டியதைத் தொடங்குவதற்கு மாகாண சபைத் தேர்தல் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் மூலம் உள்ளூராட்சி மன்றங்கள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்துள்ளன. பொதுச் சுகாதாரமும் உள்ளூர் வீதிகளும் பொது வசதிகளும் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி அவற்றின் பொறுப்பு. குச்சவெளி முதல் பொத்துவில், லகுகலை வரையுள்ள மன்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு தரிப்பிடத்தைத் தெரிந்து, கட்டணத்தை ஒரே சீராக நிர்ணயித்து, அக்கட்டணத்தைக் கழிவகற்றலுக்கெனவே ஒதுக்குதல் வேண்டும். எங்கே நிறுத்தலாகாது என்பதையும் அவை அறிவித்தல் வேண்டும். கரைவலைப் பாடுகள், பள்ளிவாசல், கோயில் சுற்றாடல்கள், மையவாடிகள், ஆமை முட்டையிடும் கரைகள் ஆகியன அப்பட்டியலில் முதலில் இடம்பெற வேண்டியவை. உடை, மது, இரவுநேர ஆரவாரம் குறித்த ஊரின் எதிர்பார்ப்பைப் பல மொழிகளில் எழுதி வைப்பது விருந்தினரை அவமதிப்பதாகாது. பின்னர் மனக்கசப்பு எழாது தடுப்பதாகும். 2024 ஒக்டோபரில் அறுகம்பை தொடர்பில் அமெரிக்கத் தூதரகம் வெளியிட்ட எச்சரிக்கை, உலக அரசியலின் நிழல் ஒரு சிறு கடற்கரை ஊரின் பிழைப்பிலும் எவ்வளவு விரைவாக விழக்கூடும் என்பதைக் காட்டியது. தெளிவான உள்ளூர் ஒழுங்கு அத்தகைய பதற்றங்களுக்கு மருந்தாகாவிடினும், சிறு உரசல்கள் பெரும் பிணக்காவதைத் தடுக்க உதவும்.

இதில் எந்தச் சபையும் தனித்து வெற்றிபெற முடியாது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் செல்லும் பயணி காத்தான்குடியை அடுத்து ஆரையம்பதி, காரைதீவை அடுத்து நிந்தவூர் எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரக் காண்பார். எல்லை எங்கே முடிகின்றது என்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு அது ஒரே வீதி. ஓர் ஊர் கழிவை முறையாக அகற்றி, அடுத்த ஊர் அதைக் களப்பில் விட்டால் இரண்டு ஊர் மீனவர்களின் வலையிலும் அதுவே சிக்கும். செயலக எல்லைகளுக்காகப் பல்லாண்டுகள் வாதிட்டு நிற்கும் இரு சமூகங்களின் பிரதிநிதிகளும், எல்லைப் பிரச்சினை தீருமுன்னரே ஒருங்கே அமர்ந்து பேசத்தக்க விடயம் இது. இதில் எவரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

2024 இல் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் இலங்கைக்கு வந்தனர். அவர்களுள் கிழக்கை நாடுவோரின் தொகை பெருகும்போது, கரையோர வீதிக்கு யாரோ ஒரு பெயரைச் சூட்டி விளம்பரப்படுத்துவர். அன்று தரிப்பிடங்களுக்கான காணி அளவை கொழும்பில் தொடங்குமானால், உள்ளூர் மன்றங்களுக்கு ஆட்சேபக் கடிதம் எழுதுவதைத் தவிர வேறு வேலை இராது. பாதயாத்திரிகருக்கு வழிவகுத்த ஊர்கள் வாகனப் பயணிக்கும் வழிவகுக்க வல்லவை. அந்தப் பணியை விளம்பரம் வருமுன் தொடங்குவதே இன்றைய சபைகளின் கடமையாகும்.